வழிகாட்டி சாயோவின் வலது தோள்

மத்தைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள் சாயோ. குவாத்தமாலாக் காட்டுக்குள் இருக்கிற பழைய மாயா நகரமான டிக்காலின் பெரிய முற்றத்தில் காலை வெயில் ஏறும் நேரத்துக்கு ஏழெட்டு வழிகாட்டிகளாவது நிற்பார்கள். ஒருவர் கையில் குடை, ஒருவர் கையில் கொடி, இன்னொருவர் குச்சி நுனியில் கிளி பொம்மையைச் செருகி ஆட்டிக்கொண்டிருப்பார். சாயோ தூக்குவது சாக்லேட் கடையும் மத்து. நீளக் காம்பு, அடியில் பல் பல்லாகக் குடைந்த உருண்டை, காம்பில் சிவப்பு ரிப்பன். கோபுர நிழலில் சிதறிக் கிடக்கிற அவளுடைய கூட்டம் அதைக் கண்டதும் தண்ணீர்ப் புட்டியும் தொப்பியுமாக வந்து சேர்ந்துவிடும்.

ஏன் மத்து என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வாள். "மாயா மகாராணியோட செங்கோல் இது, என் ராணி" என்று ஒருத்தியிடம் சொல்லிவைக்க, அந்த அம்மாள் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதிப்போட, இப்போது மற்ற கூட்டத்துப் பயணிகள் தங்கள் வழிகாட்டிகளிடம் செங்கோல் எங்கே என்று முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்களாம். விஷயம் அவ்வளவு பெரிசில்லை. விடுதிகளில் தருகிற சாக்லேட் சாயோவின் தொண்டையில் இறங்காது. "கோப்பையக் கழுவுன தண்ணி" என்பாள். எந்த ஊர் விடுதியானாலும் விடிந்ததும் சமையல்கட்டுக்குள் புகுந்து, சமையற்காரியை ஒரு ஓரமாக நிற்கச் சொல்லி, தன் கையால் நுரை பொங்கக் கடைந்து குடித்தால்தான் அவளுக்கு அன்றைய பொழுது ஆரம்பம். குடித்த கையோடு மத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

முழுப்பெயர் ரொசாரியோ குவரான். குவாத்தமாலாவின் அந்திகுவா நகரத்துக்காரி. வயது ஐம்பத்தெட்டு. ஆள் குள்ளம், அகலம், சுண்டுவிரல் பிதுங்குகிற இடத்தில் கத்தரித்துவிட்ட துணிச்செருப்பு. பயணிகளின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்கிற வழக்கமே அவளிடம் கிடையாது. ஆண்கள் எல்லோரும் "என் ராஜா", பெண்கள் எல்லோரும் "என் ராணி". கனடாவிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு இதில் உச்சி குளிர்ந்துபோகும். பேருந்து ஓட்டுநர் வில்பிரிதோ ஒருநாள் கேட்டேவிட்டான்: "பதினாறு ராணி ஒரே வண்டியில இருந்தா சண்டை வராதா, தோன்யா?" அவன் அவளைத் தோன்யா என்றுதான் கூப்பிடுவான். அங்கே மூத்த பெண்களுக்குக் கொடுக்கிற மரியாதை அது. "சண்டை வராம இருக்கத்தான ஒருத்தியையும் இளவரசின்னு சொல்றதில்ல" என்றாள் சாயோ.

இந்தச் சுற்றுலா மூன்று நாடுகளைத் தொட்டுப் போகிறது. மெக்சிகோக் காட்டு இடிபாடுகளைப் பார்த்து முடித்த கூட்டத்தை அந்த நாட்டு வழிகாட்டி உசுமசிந்தா ஆற்றங்கரை வரை கொண்டுவந்து நீளப் படகில் ஏற்றிவிடுவார். அதற்கு இப்பால் அவருடைய உரிமம் செல்லாது. இக்கரையில் குவாத்தமாலா மண்ணில் மத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாள் சாயோ. அங்கிருந்து டிக்கால், பிறகு தெற்கே இறங்கி ஹோண்டுராஸ் எல்லையைத் தாண்டிக் கோப்பான், கடைசியாக அந்திகுவா. ஸ்பானியர்கள் கட்டி, பூகம்பம் இடித்து, மறுபடி கட்டி, மறுபடி இடிந்து, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைத்த கோயில்களுக்கு நடுவே கூட்டத்தைக் கொண்டுபோய் விட்டால் அவள் பாடு முடிந்தது.

அவளுடைய நகைச்சுவை எல்லாம் எந்த வளைவுக்கு எது என்று முன்கூட்டியே முடிவானவை. ரப்பர்த் தோட்டம் வந்தால் மாமியார் கதை. பாலம் வந்தால் நாடகக்கார மேயர் கதை. வில்பிரிதோவுக்கு அத்தனையும் மனப்பாடம். அவள் ஒலிபெருக்கியை எடுக்கும்போதே, பயணிகள் சிரிப்பதற்குத் தோதாக வண்டியை மெதுவாக்கிவிடுவான். மாயாக்கள் ஒரேயடியாக மறைந்துபோனார்களாமே என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் அவளுக்குச் சுருக்கென்று வரும். "மறைஞ்சு போயிட்டாங்களா? அப்ப உங்ககூட நேத்துலேருந்து கத்திட்டு வர்றது ஆவியா, என் ராஜா? எங்க வீட்ல இன்னிக்கும் கக்சிக்கெல்ங்கிற மாயா பாஷைதான். திட்டுறதுக்குன்னே வச்சிருக்கோம்" என்பாள். கேட்டவர் அத்தோடு வாயை மூடிக்கொள்வார்.

இவ்வளவு வாயாடிக்கு வருஷத்தில் ஒருநாள்தான் உண்மையான பேச்சு. அது தவக்காலத்து ஐந்தாம் ஞாயிற்றுக்கிழமை, வியாகுல மாதா சப்பரத்துக்கு அடியில், ஒரே ஒரு தெரு நீளத்துக்கு.

அந்திகுவாவில் ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலம் என்றால் தெருவெல்லாம் ஊதா அங்கியும் சாம்பிராணிப் புகையும்தான். முன்னால் ஆண்கள் இயேசுவின் பெரிய சப்பரத்தைத் தூக்கிப்போக, பின்னால் கறுப்புப் பாவாடை, கறுப்பு முக்காட்டில் பெண்கள் மாதாவைச் சுமப்பார்கள். ஒரு தெரு முடிந்ததும் அடுத்த முறைக்காரிகள் வந்து தோள் கொடுப்பார்கள். அந்த முறையை உயரம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். தலை உயரம் இல்லை, தோள் உயரம். சில வாரங்களுக்கு முன்பே கோயில் கூடத்துக்குப் போய், கோடு போட்ட கம்பின் பக்கத்தில் நின்று தோளை அளந்து கொடுக்கவேண்டும். ஒத்த தோள்களை ஒரு முறையில் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் நெட்டைக்காரி மேல் பாரம் முழுக்க இறங்கும், குட்டைக்காரி சப்பர மரத்துக்கும் தோளுக்கும் நடுவே வெற்றிடத்தை வைத்துக்கொண்டு கூடவே நடப்பாள். அதற்கு ஊரில் "காத்தைச் சுமக்கிறது" என்று பெயர். பெண்கள் மத்தியில் அதைவிடத் தலைக்குனிவு வேறில்லை.

சாயோவும் கோலாசாவும் பதினெட்டு வயதிலிருந்து ஒரே தோள். கோலாசா மிட்டாய்க்கடைக்காரி. பால் மிட்டாய், தேங்காய் மிட்டாய், சீனிப்பாகில் ஊறிய அத்திப்பழம் என்று அவள் கடையில் ஈ மொய்க்காத நேரம் கிடையாது. அவளுடைய மூத்த மகனுக்கு ஞானத்தாய் சாயோ. அதனால் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று அழைத்துக்கொள்வார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருதான். ஆனால் சாயோ பாதி மாதம் காட்டில். மீதி மாதம் அவள் ஊரில் இருந்தால் கோலாசாவின் கடையில் கூட்டம். வாசலில் நின்று "என்னடி", "ஒண்ணுமில்லடி" என்பதோடு சரி. சப்பரத்துக்கு அடியில் மட்டும் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். சாயோ முன்னால், கோலாசா பின்னால், இருவருக்கும் வலது தோளில் மாதா. வாத்தியக்காரர்கள் சோக ராகத்தை இழுத்துக்கொண்டிருக்க, கோலாசாவின் வாய் சாயோவின் காதருகே ஓடிக்கொண்டேயிருக்கும். கல்யாணம், கருச்சிதைவு, கடைக்கு வந்த சண்டை, சாயோவின் புருஷன் இன்னொருத்தியோடு தலைநகரத்துக்குப் போய்விட்ட சேதி, எல்லாம் அங்கே சொல்லி அங்கேயே அழுது முடித்தவைதான். முக்காட்டுக்குள் அழுகிறவளைப் பார்த்துப் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள் தெருவோரத்து ஜனங்கள்.

உயரம் போதாதவர்கள் சிலர் துணியை மடித்துத் தோளில் சும்மாடு வைத்துக்கொள்வார்கள். சாயோவுக்கு அவர்களைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "இதோ வர்றா பார் தலையணைக்காரி, மாதாவத் தூக்க வந்தாளா, தூங்க வந்தாளா" என்று சத்தமாகவே சொல்வாள். இருபது முப்பது வருஷமாக இது அவளுடைய தவக்காலத்து வேடிக்கை. கோலாசா கேட்டுச் சிரிப்பாள். கொஞ்ச காலமாக அந்தச் சிரிப்பு குறைந்திருந்ததை இவள் கவனிக்கவில்லை.

இந்த வருஷம் தோள் அளக்கிற நாட்களில் சாயோ ஆற்றங்கரையில் இருந்தாள். அலைபேசிக்கு இரண்டு கோடு கிடைத்த ஒரு மேட்டில் ஏறி நின்று கோலாசாவைக் கூப்பிட்டாள்.

"கொமாத்ரே, எனக்கும் சேத்து நீயே அளந்து குடுத்துரு. உன் தோளும் என் தோளும் ஒண்ணுதான?"

அந்தப் பக்கம் மிட்டாய்ப் பாகைக் கிண்டுகிற கரண்டிச் சத்தம் மட்டும் வந்தது.

"என்னடி, கேக்குதா?"

"கேக்குது. சரி, அளந்துடறேன்" என்றாள் கோலாசா.

அளக்கிறவள் தெரிந்த பெண்தான். ஒரே தோளை இரண்டு பெயருக்கு எழுதிக்கொண்டாள். அந்த ஊரில் இதை யாரும் மோசடி என்று சொல்லமாட்டார்கள். சாயோவும் அத்தோடு அதை மறந்து, சில வாரம் கழித்து அடுத்த கூட்டத்தை ஓட்டிக்கொண்டு, சப்பரத்துக்கு இரண்டு நாள் முன்னால் கோப்பானுக்கு வந்து சேர்ந்தாள்.

ஹோண்டுராஸ் போனால் சாயோவின் வாய்க்குப் பூட்டு. இடிபாடுகளுக்குள் அந்த நாட்டு வழிகாட்டிதான் பேசவேண்டும் என்று அங்கே சட்டம். அவர் பேசப் பேச, கூட்டத்தின் கடைசியில் நின்று அத்தனை வரியையும் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிக்கொண்டே வருவாள். அவர் ஒரு ராஜாவை விட்டுவிட்டால் துடித்துப்போவாள். ஆனால் ஒரு காரியம் மட்டும் அங்கே அவளுடையது. புல்வெளியில் நிற்கிற கல் ராஜா ஒருவர் உண்டு. ஆள் உயரத்துக்கும் மேல், தலையில் இறகுக் கிரீடம், இடுப்பில் பெரிய முடிச்சு போட்ட கச்சை. சங்கிலிக்கு வெளியே அவர் பக்கத்தில் சாயோ நின்று மத்தைத் தூக்கினால், கச்சை முடிச்சும் அவள் வலது தோளும் ஒரே மட்டத்தில் வரும். "என் புருஷன் ஓடிப்போனா என்ன, தோளுக்குத் தோள் குடுக்க இவர் இருக்கார்" என்பாள். கூட்டம் சிரிக்கும். அந்தப் படம் சுற்றுலாக் கம்பெனியின் விளம்பரத் தாளிலேயே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே மரத்து வேர்மேல் நின்று வில்பிரிதோதான் படம் பிடிப்பான்.

இந்தத் தடவையும் பிடித்தான். கூட்டத்தில் மேவிஸ் என்று வின்னிபெக்கிலிருந்து வந்த ஒரு ஆசிரியை. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு படங்களைக் காட்டி வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லியே காலத்தை ஓட்டியவர். விளம்பரத் தாளையும் அலைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரொசாரியோ, இங்க பாருங்களேன். இதுல முடிச்சு உங்க தோள்ல இருக்கு. இன்னைக்கு உங்க கழுத்துகிட்ட வந்துருச்சே."

"படம் பிடிச்சவன் சரியில்ல, என் ராணி" என்றாள் சாயோ. "வில்லோ, நேரா நில்லுடா."

வில்பிரிதோ நேராக நின்று மறுபடி பிடித்தான். முடிச்சு இறங்கிவரவில்லை. செருப்பைக் குறை சொன்னாள். மழையில் மண் கரைந்திருக்கும் என்றாள். மண் கரைந்தால் ராஜாவும் அல்லவா இறங்கவேண்டும் என்று மேவிஸ் நியாயமாகக் கேட்டார். வில்பிரிதோ தலையைச் சொறிந்தான்.

"கல்லு வளந்துருச்சோ என்னவோ, தோன்யா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சாயோவும் பல்லைக் காட்டிவைத்தாள். ஆனால் தோளுக்கும் முடிச்சுக்கும் நடுவே கண்ணாலேயே அளந்துகொண்டாள். இரண்டு விரல்கடை நன்றாகக் குறைந்திருந்தாள். முப்பது வருஷம் கோபுரப் படி ஏறி இறங்கிய முழங்கால் எங்கே சும்மா விடும். அது போகட்டும், குள்ளமானால் ஆகிவிட்டுப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சப்பரத்தில் அவள் பெயர் கோலாசாவின் தோள் உயரத்தில் அல்லவா எழுதியிருக்கிறது?

மறுநாள் எல்லை தாண்டி அந்திகுவாவை நோக்கி வண்டி ஓடியது. ரப்பர்த் தோட்டத்துக்குப் பதில் அந்தப் பாதையில் முலாம்பழக் கடைகள். அங்கே சொல்லவேண்டியது கஞ்சன் பாதிரியார் கதை. வில்பிரிதோ வழக்கப்படி வண்டியை மெதுவாக்கினான். ஒலிபெருக்கி தொங்கியது தொங்கியபடி இருந்தது. சாயோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உடம்பு சரியில்லையா?" என்று பின்னாலிருந்து ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு ஓட்டுநரே ஒலிபெருக்கியை எடுத்துக் கதையைச் சொன்னான். சிரிப்பு வரவேண்டிய வரியை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிட்டு, பாதிரியார் எதற்கு வந்தார் என்பதைக் கடைசியில் சொன்னான். பயணிகள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். தன் கதை இப்படிச் சீரழிவதைக் கேட்டும் சாயோ திரும்பவில்லை. அதுதான் வில்பிரிதோவைப் பயமுறுத்தியது.

சாப்பாட்டுக்கு நிறுத்திய சாலையோரக் கடையில் அவள் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தான். கோழிக் குழம்பு, கறுப்பு பீன்ஸ், சூடான சோளரொட்டி. சாயோ ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னன்னு சொல்லுங்க. நேத்து அந்தக் கல்லுகிட்டேருந்து இப்படியே இருக்கீங்க."

"நாளைக்குக் காத்தைச் சுமக்கப் போறேன்டா."

அவனும் அந்திகுவாக்காரன்தான். விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"குதிகால் வச்ச செருப்பு?"

"உருளைக்கல் பாவுன தெருவுல? நான் விழுந்தா போச்சு. மாதாவையும் சேத்துல்ல சாய்ச்சுருவேன்."

"அப்ப போய் உண்மையச் சொல்லி உங்க உயரத்துக்கு வேற முறை வாங்கிக்குங்க. குட்டையானவங்க முறை ரெண்டு தெரு முன்னாடியே வருமே."

"வரும். அங்க கோலாசா இருக்க மாட்டாளே. முன்னப்பின்ன தெரியாத எவளோ என் பின்னால நிப்பா. நான் யார்கிட்டடா பேசுறது? போன வருஷத்துலேருந்து எவ்வளவு சேத்து வச்சிருக்கேன் தெரியுமா?"

வில்பிரிதோ சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "ஒரு சின்னச் சும்மாடு வச்சுக்கிட்டா..."

சாயோ பார்த்த பார்வையில் அவன் கோழிக் குழம்புக்குத் திரும்பிவிட்டான். பிய்த்துப் போட்ட ரொட்டியை ஒதுக்கிவிட்டு அவளே சொன்னாள்: "இந்த வாயால எத்தனை பேரச் சொல்லியிருக்கேன். ஊர்ல ஒருத்தி பாக்காம விடுவாளா? சும்மாடு வச்சா மானம் போச்சு, வைக்கலன்னா பாரம் போச்சு, இடம் மாறுனா கோலாசா போச்சு. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு தெருதான், வில்லோ." கண் கலங்கியதை மிளகாய் மேல் பழிபோட்டுத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூட்டத்தை ஒரு தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தினாள். தெரு நெடுக மரத்தூளில் வண்ணம் கலந்து போட்ட கம்பளங்கள். பைன் ஊசியிலைப் பச்சை, நடுவில் கிளியும் சாமந்தியும். ராத்திரி முழுக்கக் குனிந்து போட்டதை இன்னும் சற்று நேரத்தில் சப்பரம் மிதித்துப் போய்விடும் என்றதும் மேவிஸுக்கு மனசே ஆறவில்லை. "மிதிக்கத்தான போட்டது, என் ராணி" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மத்தை வில்பிரிதோவிடம் நீட்டினாள் சாயோ. "ஆளுங்க தொலைஞ்சா உன்னைத்தான் கேப்பேன். கை வலிச்சாலும் இறக்காத." கறுப்புப் பாவாடையைச் சரிசெய்துகொண்டு முக்காட்டை இழுத்துவிட்டாள். தோளில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வருவது வரட்டும் என்று முறைக்காரிகளின் வரிசைக்குள் போய் நின்றாள்.

கோலாசா முன்பே வந்திருந்தாள். முக்காடு இடுப்பு வரை தொங்கியது. சீனிப்பாகு வாசனையும் சாம்பிராணியும் கலந்து அடித்தது.

"கல்லு மாதிரி முகத்த வச்சிருக்கியே" என்றாள். "என்ன ஆச்சு?"

"அடியில போனப்புறம் சொல்றேன்."

மணி அடித்தது. முந்தைய முறைக்காரிகள் ஒவ்வொருவராக வெளியே வர, இவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். சாயோ தன் இடத்தில் தோளைக் கொடுத்தாள். மரம் வந்து அமரவில்லை. மேலே, ஒரு விரல் நுழைகிற தூரத்தில், அது பாட்டுக்குப் போனது. கையை மேலே வைத்துத் தாங்குவதுபோலப் பிடித்துக்கொண்டாள். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நடந்து பார்த்தாள். நாலு எட்டு தாங்கியது. ஐந்தாவதில் முழங்கால் தடுமாறியது. தெருவோரத்தில் ஒரு சிறுமி ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டே நேராக இவள் தோளையே பார்த்தாள். சாயோவுக்கு முகம் சுட்டது. மாதாவே, என்னை யாரும் பார்க்காமல் இருக்கவையேன் என்று முதல்முறையாக உண்மையிலேயே ஜெபம் செய்தாள்.

"குதிகால இறக்குடி, ஆட்டம் கெடுது" என்றது பின்னாலிருந்து குரல்.

"இறக்குனா எட்டாதுடி. நான் குட்டையாயிட்டேன்."

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. முக்காட்டுக்கு அடியில் நுழைந்து, மரத்துக்கும் தோளுக்கும் நடுவே எதையோ செருகி அழுத்தியது. சட்டென்று பாரம் இறங்கியது. வருஷம் முழுக்கத் தேடிக் காத்திருந்த அந்தப் பழைய பாரம், எலும்பு வரைக்கும். சாயோ கையால் தொட்டுப் பார்த்தாள். ஊதாத் துணி, நாலாக மடித்துத் தைத்தது. நடுவில் ஒரு தோள் அமர்ந்து அமர்ந்து விழுந்த பள்ளம். துணி இன்னும் உடம்புச் சூட்டோடு இருந்தது.

"எத்தனை நாளா வச்சிருக்க?"

"மூணு வருஷமா."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா சும்மா விட்டுருப்பியா? தலையணைக்காரின்னு பாட்டுக் கட்டிப் பாடியிருப்ப. முக்காட்ட நீளமாப் போட்டுக்கிட்டேன், ஆச்சு."

வாத்தியக்காரர்கள் ராகத்தைக் கீழே இறக்கி மறுபடி எடுத்தார்கள். சப்பரம் இடதும் வலதுமாக அசைந்து முன்னேறியது.

"அப்ப அளந்தது?"

"பெரியவனோட மழை பூட்ஸ மாட்டிக்கிட்டுப் போனேன். பாவாடை மறைச்சுருச்சு" என்றாள் கோலாசா. "முதல்ல எனக்கு நின்னேன், அப்புறம் உனக்கு நின்னேன். நீ எப்பவும்போல உசரமாத்தான் இருப்ப, நான்தான் சுருங்கிட்டேன்னு நினைச்சேன். என்னால நீ இடம் மாறிப் போயிரக் கூடாதுல்ல."

"அடிப்பாவி. மாதாவுக்கு முன்னால பொய்யி."

"அவளுக்குத் தெரியும். உன் ஞானப்பிள்ளையோட பூட்ஸுதான அது."

சாயோவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் முக்காட்டுக்குள் ஒன்றாகவே நடந்தன. தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள். கோலாசாவின் வெறும் தோளுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியில் தெருவின் மஞ்சள் சுவர் தெரிந்தது. கோலாசா மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, பாரம் சுமக்கிறவளைப் போலவே நடந்துவந்தாள்.

"முன்னால பாத்து நட. இப்பச் சொல்லு" என்றாள். "ஒரு வருஷத்துக் கதை. பாதித் தெரு முடியப்போகுது."

சாயோ சொல்ல ஆரம்பித்தாள். வளர்ந்துபோன கல் ராஜாவிலிருந்து ஆரம்பித்தாள், வில்பிரிதோ கெடுத்த பாதிரியார் கதையைச் சொன்னாள், பின்னால் கோலாசாவின் சிரிப்பு சோக ராகத்தோடு சேர்ந்து குலுங்கியது. கோலாசாவின் கடைக்குப் பக்கத்தில் புதிதாக வந்த மிட்டாய்க்கடைக்காரனைப் பற்றி இவள் கேட்டாள், அவனுக்குப் பாகுப் பதமே தெரியாது என்று அவள் சொன்னாள். தெருமுனையில் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மத்து, சிவப்பு ரிப்பனோடு, இறங்காமல் நின்றுகொண்டிருந்தது. காலடியில் மரத்தூள் கிளியின் இறகுகள் கலைந்தன.

ரொட்டிக்கடையின் நீலக் கதவு வந்தது. தெருவுக்கு அதுதான் நடு. சாயோ சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் நிறுத்தினாள். இடது கையை முக்காட்டுக்குள் விட்டுச் சும்மாட்டை உருவினாள். தோளிலிருந்து பாரம் எழுந்து விலகியது. திரும்பிப் பார்க்காமலே, அதை மடிப்புக் கலையாமல் தோளுக்குமேல் பின்னால் நீட்டினாள்.